மலைப் பள்ளியில் நம் மக்கள்: அறநெறி வகுப்பும் பெற்றோரின் அமானிதமும்

ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பாளரே. தம் பொறுப்பில் விடப்பட்டவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்னும் கருத்துள்ள நபிமொழியை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் அது. பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு நாம் மலையிறங்கி வந்துவிட்டால், அந்த விசாரணையும் மலைமீதே தங்கிவிடுமா? தங்காது. இதைத் தெளிவாக உணர்ந்துகொள்வதற்கே இந்தப் பாடம்.

சேலம் மாநகரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சேர்வராயன் மலைமீது ஏற்காடு இருக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரம். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளையும் பூமி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்கு காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். குளிர்ந்த சீதோஷ்ணத்தை நாடிவந்த ஐரோப்பியரைத் தொடர்ந்து கல்விச்சாலைகளும் வந்தன. க்ளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894-இல் திரு இருதயப் பெண்கள் பள்ளியையும், புனித கபிரியேல் மான்ஃபோர்ட் சகோதரர்கள் 1917-இல் மான்ஃபோர்ட் பள்ளியையும் நிறுவினர். இத்தகைய பள்ளிகளின் கட்டுப்பாட்டையும் ஆங்கிலப் போதனையையும் விரும்பி, எல்லாச் சமயத்தாரும் தம் பிள்ளைகளை அனுப்புகின்றனர். நம்மவரும் அனுப்புகின்றனர். அதைக் குறை கூற நாம் வரவில்லை. நல்ல கல்வி எங்கிருப்பினும் அதைத் தேடலாம். ஆனால் அனுப்பிய பின் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதே கேள்வி.

ஒரு வகுப்பு, மூன்று பாடங்கள்

கத்தோலிக்க நிர்வாகப் பள்ளிகளில், அச்சமய மாணவர்களுக்கு மறைக்கல்வி நடைபெறும் நேரத்தில், மற்ற மாணவர்களுக்கு நீதிபோதனை அல்லது நன்னெறி வகுப்பு நடைபெறுவது பொதுவான வழக்கம். இதைப் பிள்ளைகள் 'மாரல் சயன்ஸ்' என்பார்கள். உயர்நிலை வகுப்புகளில் இதனுடன் வேறு இரண்டும் கலந்து வருகின்றன. ஒன்று, பல மதங்களைப் பற்றிய செய்தி. மற்றொன்று, வளரிளம் பருவம், ஆண் பெண் நட்பு, குடும்பம் முதலிய உறவுகளைப் பற்றிய போதனை.

இவ்வகுப்பைக் குறித்து நம் பெற்றோரிடம் இருவகைப் போக்கு உண்டு. சிலர், "அதெல்லாம் அவர்கள் மதப் பாடம், காதில் போட்டுக்கொள்ளாதே" என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகின்றனர். வேறு சிலரோ, "ஒழுக்கத்தைப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள், நமக்கு ஒரு வேலை மிச்சம்" என்று நிம்மதியடைகின்றனர். இரண்டும் சரியன்று. முதற்போக்கு, நல்லதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. இரண்டாவது, நம் அமானிதத்தைப் பிறர் தலையில் ஏற்றிவிடுகிறது.

சட்டம் நமக்குத் தந்துள்ள இடம்

இந்திய அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். முற்றிலும் அரசுப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் மதபோதனை கூடாது என்பது அதன் முதல் கூறு. அரசு அங்கீகாரமோ உதவித் தொகையோ பெறும் பள்ளியில், எவரையும் அவரது சம்மதமின்றி மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, மாணவர் மைனராயின் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்பது மூன்றாவது கூறு. 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் நம் முஸ்லிம் பள்ளிகளுக்கும் உரிமை அளிப்பது இதே பிரிவுதான்.

மதபோதனை வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியது. மதங்களைப் பற்றிய கல்வி 28-ஆவது பிரிவு தடுக்கும் மதபோதனை ஆகாது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆகவே சம்மதம் என்பது பெற்றோரின் கையில் உள்ள ஓர் அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி சூரத்துந் நிஸாவில் (4:58) அல்லாஹ் கட்டளையிடுகிறான். சேர்க்கைப் படிவத்தில் ஒப்பமிடும் முன் அதைப் படித்தோமா? எந்த நேரம் வழிபாடு, எந்த நேரம் பாடம் என்று நிர்வாகத்தாரிடம் பணிவாகக் கேட்டோமா? கேட்காமல் ஒப்பமிட்டுவிட்டுப் பின்னர் மனத்தாங்கல் கொள்வது நியாயமன்று.

மூன்றையும் பிரித்தறிவோம்

பள்ளியில் பிள்ளை சந்திக்கும் விஷயங்களை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும்.

முதலாவது, வணக்கம். பிற சமயத்தின் பிரார்த்தனை வாசகங்களைச் சொல்வதும், அச்சமயத்திற்குரிய வணக்கச் சைகைகளைச் செய்வதும் நமக்கில்லை. சூரத்துல் காஃபிரூன் இதை மிகச் சுருக்கமாக முடித்து வைக்கிறது. பிறர் வணங்கும்போது அமைதியாக, மரியாதையுடன் நிற்பது வேறு. வணக்கத்தில் சேருவது வேறு. கேலிச் சிரிப்போ முகச்சுளிப்போ கூடவே கூடாது. 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்கே கருதத்தக்கது. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றனர், ஆனால் தம் நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை. அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்றது நீதிமன்றம். தேசிய கீதம் பாடுவதில் நமக்கு எவ்வித மறுப்பும் இல்லை. நாம் எடுத்துக்கொள்வது, மனச்சாட்சியைக் காப்பவன் மரியாதையையும் காக்க வேண்டும் என்னும் படிப்பினையையே.

இரண்டாவது, அறிவு. பிறர் எதை நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது ஈமானைக் கெடுக்காது. சேர்வராயன் மலையின் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுவர். அவர்கள் கேரளத்தவர் அல்லர், மலையில் வாழ்பவர் என்பதால் வந்த பெயர். மலையுச்சியில் உள்ள சேர்வராயன் கோயிலில் மே மாதத்தில் அவர்கள் விழா எடுக்கின்றனர். அருகில் அமர்ந்து படிக்கும் தோழனின் விழா எது என்று நம் பிள்ளை அறிந்தால் என்ன குறை? மக்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று சூரத்துல் ஹுஜுராத் (49:13) அறிவிக்கிறது. பிறர் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று சூரத்துல் அன்ஆம் (6:108) தடுக்கிறது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். யூதருடையது என்று தோழர்கள் சுட்டியபோது, அதுவும் ஓர் ஆன்மா அல்லவா எனும் கருத்தில் திருப்பிக் கேட்டார்கள் (புகாரி).

மூன்றாவது, பொது ஒழுக்கம். உண்மை பேசுதல், பெற்றோரைப் பேணுதல், திருடாமை, பரீட்சையில் காப்பியடிக்காமை, மெலிந்தவனைத் துன்புறுத்தாமை ஆகியவற்றை எந்த ஆசிரியர் சொன்னாலும் நம் பிள்ளை முன்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். இவை நமக்கு அந்நியமா? ஹழ்ரத் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைப் பாருங்கள் (31:13-19). இணைவைக்காமை முதலில் வருகிறது. பெற்றோரைப் பேணுதல், கடுகளவு செயலும் அல்லாஹ்வுக்கு மறையாது என்ற உணர்வு, தொழுகை, பொறுமை என்று தொடர்ந்து, மனிதரிடம் முகத்தைத் திருப்பாமை, நடையில் நிதானம், குரலில் தாழ்வு வரையில் அந்த உபதேசம் செல்கிறது. அகீதா, வணக்கம், பழக்கவழக்கம் மூன்றும் ஒரே பாடமாக நிற்கின்றன. பள்ளியின் நன்னெறி வகுப்பு இம்மூன்றில் கடைசிப் பகுதியைத்தான் தர முடியும். முதலிரண்டையும் வீடு தராவிட்டால் பிள்ளையின் ஒழுக்கம் வேரில்லாத செடியாகிவிடும்.

பிறநாட்டு ஏற்பாடுகள்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரம் வரை சமயம் ஒரு கட்டாயப் பாடம். முஸ்லிம் மாணவரில் பெரும்பாலோர் 'இஸ்லாம்' பாடத்தைத் தமிழிலேயே பயில்கின்றனர். சிங்கப்பூரில் 1984-இல் மேல்வகுப்பு மாணவர்களுக்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாக்கப்பட்டது. அதைக் கட்டாயப் பாடமாக வைத்திருப்பதில்லை என்று 1989-இல் முடிவாயிற்று. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் உறவுக் கல்வி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். அங்கே பள்ளிகள் பெற்றோரைக் கலந்தே இதற்கான திட்டத்தை வகுக்க வேண்டும். நம் நாட்டிலோ வளரிளம் பருவக் கல்வித் திட்டம் 2005-இல் தொடங்கியது. 2007-இல் எதிர்ப்பு எழுந்து பல மாநிலங்கள் அதை நிறுத்தின. அரசுகள் ஒன்றைத் தொடங்கும், மாற்றும், நிறுத்தும். வீட்டின் கடமை மட்டும் எந்த ஆண்டும் நிறுத்தப்படுவதில்லை.

நாணம் வேறு, மௌனம் வேறு

உறவுப் பாடம் என்றதும் நம்மில் பலர் முகம் கோணுகின்றனர். "இதையெல்லாமா பிள்ளைகளிடம் பேசுவது?" என்கின்றனர். ஹயா எனும் நாணம் ஈமானின் ஒரு கிளை என்பது உண்மையே. ஆனால் மார்க்கத்தை மறைப்பதற்குப் பெயர் நாணமன்று.

நம் ஃபிக்ஹு நூல்களைத் திறந்தால் முதற்பகுதியே தூய்மையைப் பற்றியது. குளிப்பு எப்போது கடமையாகும், ஹைளின் சட்டங்கள் எவை என்பதெல்லாம் மறைவின்றி எழுதப்பட்டுள்ளன. உம்மு சுலைம் (ரலி) அவர்கள், அல்லாஹ் சத்தியத்தைக் கூற வெட்கப்படுவதில்லை என்று முன்னுரைத்துவிட்டு, உறக்கத்தில் ஏற்படும் நிலைக்காகப் பெண்ணுக்கும் குளிப்பு கடமையா என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள், விடையும் பெற்றார்கள் (புகாரி). அன்ஸாரிப் பெண்களை மார்க்கம் கற்பதிலிருந்து நாணம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள் (முஸ்லிம்). அலீ (ரலி) அவர்கள், தாம் நேரில் கேட்க நாணிய ஒரு சட்டத்தை மிக்தாத் (ரலி) அவர்கள் மூலம் கேட்டறிந்தார்கள் (புகாரி). கேட்பதற்கு நாணியவர்களும் அறியாமல் இருந்துவிடவில்லை!

இதில் நம் பிள்ளையின் வணக்கமே அடங்கியிருக்கிறது. அடையாளங்கள் எதுவும் தோன்றாவிட்டாலும், சந்திரக் கணக்கில் 15 வயது நிரம்பியவர் பாலிகானவரே. நம் காலண்டர்க் கணக்கில் அது ஏறத்தாழ 14 வயதும் ஆறு மாதமும்தான். அடையாளம் தோன்றினால் அதற்கும் முன்பே. அதாவது எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைமீது தொழுகையும் நோன்பும் கடமையாகிவிடுகின்றன. விடுதியில் விடியற்காலை எழும் மகனுக்குத் தன்மீது குளிப்பு கடமையானது தெரியாவிட்டால், அவன் தொழும் தொழுகையின் நிலை என்ன? ஹைளு நாட்களில் விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டியதில்லை, விடுபட்ட ரமளான் நோன்புகளைக் களாச் செய்ய வேண்டும் என்பதை மகளுக்கு யார் சொல்லித் தருவது? கன்னியாஸ்திரீ ஆசிரியை சொல்லித் தருவாரா? அது அவருடைய பொறுப்பன்று, தாயின் பொறுப்பு.

கடமையான குளிப்பில், ஷாஃபிஈ மத்ஹபில் நிய்யத்தும் உடல் முழுவதும் நீர் படுவதும் ஃபர்ளு. ஹனஃபி மத்ஹபில் வாய் கொப்புளிப்பது, மூக்கிற்கு நீர் செலுத்துவது, உடல் முழுவதும் நீர் படுவது ஆகிய மூன்றும் ஃபர்ளு. மலைக்குளிருக்கு அஞ்சிப் பிள்ளை குளிப்பைத் தள்ளிப்போடக் கூடும். வெந்நீர் கேட்டுப் பெறும்படி சொல்லுங்கள். நீரைச் சுடவைக்க வழியே இல்லை, குளிர்நீரால் உடலுக்குத் தீங்கு நேரும் என்ற உண்மையான அச்சமும் இருக்கிறது எனில், தயம்முமுக்கு இடமுண்டு. கடுங்குளிர் இரவொன்றில் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள் அவ்வாறு செய்த நிகழ்ச்சி அபூதாவூதில் வருகிறது. ஆனால் சோம்பலுக்குத் தயம்மும் இல்லை. பிறகு அத்தொழுகையை மீட்ட வேண்டுமா என்பதைத் தத்தம் மத்ஹபுப்படி உஸ்தாதிடம் கேட்டறிக.

திருக்குர்ஆன் வகுத்த படிகள்

குர்ஆன் இந்தப் பாடத்தை வயதுக்கேற்ப வகுத்துள்ளது. சூரத்துந் நூரில் (24:58), பருவமடையாத சிறார்களும் மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறான் அல்லாஹ். ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் ஆகியவை அந்நேரங்கள். பருவமடைந்த பின்னர் எந்நேரமும் அனுமதி கேட்க வேண்டும் (24:59). ஏழு வயதில் தொழுகையை ஏவும்படி கூறிய நபி (ஸல்) அவர்கள், பத்து வயதில் படுக்கைகளைப் பிரிக்கும்படியும் அதே ஹதீஸில் பணித்தார்கள் (அபூதாவூத்). தன் உடல் மதிக்கத்தக்கது, பிறர் அந்தரங்கம் பேணத்தக்கது என்னும் இரண்டு பாடங்களையும் பிள்ளை கதவருகிலேயே கற்றுக்கொள்கிறது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளையும் (24:30, 31) அதே அத்தியாயத்தில் இருக்கிறது. முதலில் ஆண்களுக்குச் சொல்லி, பிறகே பெண்களுக்குச் சொல்கிறான் இறைவன். மகளிடம் மட்டும் ஒழுக்கம் பேசி, மகனை அவிழ்த்துவிடும் வீடுகள் இந்த வரிசையைக் கவனிக்கட்டும்!

இளைஞரிடம் பேசிய முறை

கற்பிக்கும் முறைக்கு ஒரு ஹதீஸ் போதும். அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ளது. ஓர் இளைஞர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விபசாரத்திற்கு அனுமதி கேட்டார். சுற்றியிருந்தோர் அதட்டினர். பெருமானார் (ஸல்) அவர்களோ அவரை அருகில் அழைத்து அமரச் செய்தார்கள். உம் தாய்க்கு இதை விரும்புவீரா என்று கேட்டார்கள். மகளுக்கு, சகோதரிக்கு, அத்தைக்கு, சின்னம்மாவுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்றார். பிற மனிதரும் தம் வீட்டுப் பெண்களுக்கு அதை விரும்பமாட்டார்கள் என்று விளக்கினார்கள். பின் அவர்மீது கைவைத்து, பாவமன்னிப்புக்காகவும் உள்ளத் தூய்மைக்காகவும் கற்பின் பாதுகாப்புக்காகவும் துஆச் செய்தார்கள். அதன்பின் அவ்விளைஞர் அத்தகைய எதன் பக்கமும் திரும்பவில்லை.

இதில் ஐந்து பாடங்கள் உள்ளன. கேட்டவரை விரட்டவில்லை, அருகில் அழைத்தார்கள். திட்டவில்லை, கேள்வி கேட்டார்கள். சட்டத்தை மட்டும் சொல்லவில்லை, பிறர் மனத்தைக் காட்டினார்கள். பலர் முன் இழிவுபடுத்தவில்லை, கண்ணியத்தைக் காத்தார்கள். இறுதியில் துஆச் செய்தார்கள்.

விடுமுறையில் மலையிறங்கி வரும் மகன், "அத்தா, எங்க வகுப்புல பையன்களும் பொண்ணுங்களும் பழகுறதைப் பத்திப் பாடம் எடுத்தாங்க" என்று தொடங்கினால், "அதையெல்லாம் என்கிட்ட பேசாதே" என்று அத்தா எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தப் பையன் அடுத்த கேள்வியைக் கைப்பேசியிடம்தான் கேட்பான். அது அவனுக்கு என்ன காட்டும் என்று நமக்குத் தெரியும். "உட்காரும்மா, என்ன சொன்னாங்க? நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்கும் அத்தாவோ ஒரு சுன்னத்தை நிறைவேற்றியவராகிறார்.

காதல், நட்பு என்ற சொற்களைக் கண்டு அஞ்சுவதைவிட அவற்றுக்கு வரம்பு சொல்லித் தருவதே மேல். மஹ்ரம் யார், யார் அல்லர். தனித்திருத்தல் ஏன் தடை. நிகாஹ் ஏன் சாட்சிகளோடு வெளிப்படையாக நடைபெறுகிறது. பெண்ணின் சம்மதம் ஏன் கேட்கப்படுகிறது. மஹர் யாருக்கு உரியது — இவற்றைப் பதினைந்து வயதில் அறிந்த பிள்ளை, இருபத்தைந்தில் வரதட்சணை கேட்டு நிற்கமாட்டான்.

ஆபத்தை அறிவிக்கும் கடமை

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் தவறாக நடப்போர் எல்லாச் சமயத்திலும் எல்லா இடத்திலும் உண்டு. உறவினர் வீடும், விடுதியும், நம் மதரஸாவும் இதற்கு விலக்கல்ல. உஸ்தாது என்ற மரியாதை வேறு, தவறை மூடுவது வேறு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட அனைவரும் குழந்தைகளே. அத்தகைய குற்றம் நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்கு அறிவிப்பது கட்டாயம். அறிந்தும் அறிவிக்காத பெரியவர் தண்டனைக்குரியவர். குடும்ப மானம் என்று மறைப்போர், அநியாயக்காரனுக்கு உதவி, அநியாயத்திற்குள்ளானவரைக் கைவிடுகின்றனர். "யாராவது உன்னைத் தவறாகத் தொட்டால், ரகசியம் என்று மிரட்டினால், அது உன் குற்றமில்லை. உடனே எங்களிடம் சொல்" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடமாக்கி வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பள்ளி தொடங்குமுன் நன்னெறிப் பாட நூலையும் எட்டாம் வகுப்பு அறிவியலில் வரும் வளரிளம் பருவப் பாடத்தையும் பெற்றோர் படித்துவிட வேண்டும். பள்ளி சொல்லுமுன் வீடு சொல்லட்டும்.

2. மகனிடம் தந்தையும் மகளிடம் தாயும் குளிப்பு, ஹைளு, பார்வை, மஹ்ரம் ஆகிய சட்டங்களைத் தனியே அமர்ந்து கற்பிக்க வேண்டும். தமக்குத் தெரியாவிட்டால் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ அழைத்துச் செல்க.

3. விடுதியில் தொழுகை நேரத்திற்கும், நோன்பு நாட்களில் ஸஹருக்கும், ஜும்ஆவிற்கும் என்ன வசதி என்று நிர்வாகத்தாரிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்க வேண்டும். வேண்டுகோள் பணிவாகவும் தெளிவாகவும் இருக்கட்டும்.

4. விடுமுறையில் ஓர் இரவு லுக்மான் (அலை) அவர்களின் உபதேசத்தைக் குடும்பமாக அமர்ந்து ஓதிப் பொருளறிய வேண்டும்.

5. பள்ளி ஆசிரியரைப் பற்றிப் பிள்ளை முன் இழிவாகப் பேசக் கூடாது. மார்க்க விஷயத்தில் நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை (60:8). நம் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவருக்கு நாம் நன்றி பாராட்டுவது அதில் சேர்ந்ததே.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. வணக்கம், அறிவு, பொது ஒழுக்கம் ஆகிய மூன்றுக்கும் உங்கள் பள்ளியிலிருந்து ஒவ்வோர் உதாரணம் கூறுக.
2. தோழன் தன் விழாவிற்கு அழைத்தால் எதில் பங்கு கொள்ளலாம், எதில் விலக வேண்டும்? எப்படிச் சொல்லி விலகுவாய்?
3. லுக்மான் (அலை) அவர்களின் உபதேசத்தில் பள்ளி கற்பிப்பவை எவை? வீடு மட்டுமே கற்பிக்கக் கூடியவை எவை?
4. அனுமதி கேட்க வேண்டிய மூன்று நேரங்கள் எவை? நம் வீட்டில் அதைக் கடைப்பிடிக்கிறோமா?

நான்காம் வினாவைப் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கட்டும்!

மலையில் பயிலும் நம் மக்களும் சமவெளியில் பயிலும் நம் மக்களும், தீனையும் நாணத்தையும் காத்து, அண்டை அயலாரின் மதிப்பையும் பெற்று வாழ வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! அவர்களிடம் பேசும் துணிவையும் நற்சொல்லையும் நமக்குத் தருவானாக! ஆமீன்.